ஒரே விமானம், இரண்டு பதவிப் பெயர்கள்



விமானத்தில் நம்மை வரவேற்று, சீட் பெல்ட்டைச் சரிபார்த்து, சாப்பாடு தருகிறவர்களை நம் ஊரில் வெகுகாலமாக ‘ஏர் ஹோஸ்டஸ்’ என்றுதான் சொல்லிவருகிறோம். பத்திரிகைகளில் ‘விமானப் பணிப்பெண்’. விமானத்துக்குள் போனால் அறிவிப்பில் கேட்பது ‘கேபின் க்ரூ’. இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் நீதிமன்றம் வரை போன பெண்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வானத்தில் இந்த வேலையை முதலில் பார்த்தவர் ஓர் ஆண். ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிக் கூபிஸ், 1912இல் ஜெப்பலின் வான்கப்பலில் பயணிகளைக் கவனித்துக்கொண்டார். கப்பல்களில் வழங்கிவந்த ‘ஸ்டூவர்ட்’ என்ற பெயரே அவருக்கும் வந்தது. பெண்கள் வந்தது 1930இல். அமெரிக்காவைச் சேர்ந்த எலன் சர்ச் நர்ஸ் வேலை பார்த்தவர். விமானம் ஓட்டவும் கற்றவர். விமானியாக அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. விமானத்தில் ஏறவே ஜனங்கள் பயந்த காலம் அது. நர்ஸ் ஒருவர் கூட வந்தால் அவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்திடம் அவர் யோசனை சொன்னார். 1930 மே 15 அன்று சிகாகோவுக்குப் போன விமானத்தில் அவரே பணியில் ஏறினார்.

அவரையும் சேர்த்து முதலில் எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் நர்ஸ்கள். வயது 25க்குள் இருக்க வேண்டும். எடை 115 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் ஏறக்குறைய 52 கிலோ. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. வேலையோ பயணிகளின் பெட்டியைத் தூக்குவது, இருக்கைகள் தரையோடு இறுகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்ப்பது, பெட்ரோல் நிரப்பக் கைகொடுப்பது, மயங்கியவர்களைத் தேற்றுவது. இவ்வளவும் செய்தவர்களுக்கு ‘ஸ்டூவர்ட்’ என்பதோடு பெண்பால் விகுதி சேர்த்து ‘ஸ்டூவர்டஸ்’ என்று பெயர். பிற்பாடு இந்தியா போன்ற நாடுகளில் ‘ஏர் ஹோஸ்டஸ்’ என்றார்கள். ஹோஸ்டஸ் என்றால் வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்கும் பெண்மணி. நர்ஸாகத் தொடங்கியவர் இப்படித்தான் உபசரிப்பவராக ஆனார்.

உபசரிப்பு என்று ஆனதும் இளமையும் அழகும் வேலைக்கான தகுதிகள் ஆகிவிட்டன. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், புதிதாகச் சேரும் ஸ்டூவர்டஸ்கள் 32 வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்தது. அதே நிறுவனத்தில் விமானிக்கு அப்படி விதி இல்லை. அனுபவம் கூடக்கூட வேலை போகும் நிலை எவ்வளவு கொடுமை என்று எண்ணிப் பாருங்கள்.

வேலையில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று அமெரிக்காவில் 1964இல் சட்டம் வந்தது. முறையிட முதலில் போனவர்களில் இந்த விமானப் பெண்களும் இருந்தார்கள். இன்னொரு பக்கம், செலியோ டயஸ் என்ற ஆண் இதே வேலைக்கு விண்ணப்பித்தார். பான் ஆம் நிறுவனம் மறுத்துவிட்டது. பயணிகள் பெண்களைத்தான் விரும்புகிறார்கள் என்று நிறுவனம் வாதாடியது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதுதான் விமான நிறுவனத்தின் தொழில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்றது. இருபாலருக்கும் பொதுவான ‘ஃப்ளைட் அட்டெண்டன்ட்’ என்ற பெயர் அங்கே நிலைத்தது இதற்குப் பிறகுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். ஏர் இந்தியாவில் அந்தக் காலத்தில் ஒரே விமானத்துக்குள் பெண்ணுக்கு ‘ஏர் ஹோஸ்டஸ்’ என்று பதவி; ஆணுக்கு ‘அசிஸ்டன்ட் ஃப்ளைட் பர்சர்’ என்று பதவி. பர்சருக்கு ஓய்வு வயது 58. ஏர் ஹோஸ்டஸுக்கு 35. சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் முறை கருவுற்றாலும் வேலை போகும். நெர்கேஷ் மீர்ஸா என்ற ஊழியரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றால் வேலைநீக்கம் என்பது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று கண்டித்து அந்த விதியை ரத்து செய்தது. அது பெரிய வெற்றி.

ஆனால் மற்றொன்றையும் அதே தீர்ப்பு சொன்னது. ஏர் ஹோஸ்டஸ்கள் தனிப் பிரிவினர். அவர்களுக்கு வேறு சம்பள விகிதம், வேறு பதவி உயர்வு, வேறு பணி நிபந்தனைகள். ஆகவே பர்சர்களோடு அவர்களை ஒப்பிட முடியாது என்றது. நான்கு ஆண்டுக் கல்யாணத் தடையும் அப்படியே நீடித்தது. இந்த இடத்தை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெயரையும் பதவியையும் முதலில் நிர்வாகம் பிரித்தது. பிரித்து வைத்ததே பிறகு வேறுபாட்டுக்கு நியாயம் ஆகிவிட்டது. ஏர் இந்தியா விமானங்களில் ‘இன்ஃப்ளைட் சூப்பர்வைசர்’ என்ற மேற்பார்வைப் பதவி ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்தது. அதில் பெண்களும் அமரலாம் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2011 ஆயிற்று. ஒரு தலைமுறையே வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிடும் காலம் அது.

உண்மையில் இவர்கள் எதற்காக விமானத்தில் இருக்கிறார்கள்? 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு பாதுகாப்புக்காகப் போட்டது. பாதி வாயில்கள் அடைபட்டிருந்தாலும் 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானத்தைக் கடத்தல்காரர்கள் கைப்பற்றியபோது, விமானிகளுக்கு எச்சரிக்கை கொடுத்தவர், பயணிகளைக் காக்கும் முயற்சியில் உயிரைவிட்டவர் நீரஜா பனோட். அசோக சக்ரா விருது பெற்ற அவருடைய பதவி, சீனியர் ஃப்ளைட் பர்சர். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பற்றியபோது, உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். புகைக்குள் நின்று எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் கேபின் பணியாளர்கள்தான்.

இவர்களை ‘பணிப்பெண்’ என்று எழுதுவதை நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘விமானப் பணியாளர்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் இந்த வேலைக்குப் போகிறேன் என்றால் தட்டு ஏந்தும் வேலை என்று தடுக்காதீர்கள். மகன் போகிறேன் என்றால் பொம்பளை வேலை என்று சிரிக்காதீர்கள். ஆபத்தில் நம் உயிரைக் காக்கப் பயிற்சி பெறும் தொழில் இது. அதற்குரிய மரியாதையை நாம் சொல்லும் பெயரிலும் கொடுப்போம்.