அப்பாவின் வால்வு செட்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் பேசியது)

"அந்தச் சத்தத்தைப் பற்றி அஞ்சு நிமிஷம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். எந்தச் சத்தம் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து வந்ததே, அதுதான். முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பா அரியலூரில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். அப்போது ஆம்ப்ளிஃபயர் என்றால் வால்வு வைத்ததுதான். சுவிட்ச் போட்டதும் சத்தம் வராது. வால்வுக்குள் இழை சிவந்து சூடேற வேண்டும். மெல்லிசைக் குழுவின் கிடார்காரருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் ஏது? அப்பா செட்டில் ஒரு மைக் ஓட்டையில் சொருகிக்கொள்வார். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு உதவுவது உலக வழக்கம்தான். அமெரிக்காவில் ஃபெண்டர் பாஸ்மேன், பேஸ் கிடாருக்காக வந்தது. மற்ற கிடார்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-ல் தன் முதல் ஆம்ப்ளிஃபயரை அதைப் பார்த்துத்தான் செய்தார்.

இங்கே பெரம்பலூருக்குக் குடிவந்த பிறகு அந்தப் பெட்டி பால்கனியில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடுவதாகவே இருந்தோம். பேரன் கிடார் கற்க ஆரம்பித்ததால் தப்பித்தது.

நேராக பிளக்கில் சொருகாமல் இருந்தேனே, அதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். வருஷக்கணக்கில் கிடந்த கண்டென்சர் காய்ந்திருக்கும். முழு மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட். எங்களுடையது மங்கவில்லை. கண்டென்சர்களை மாற்றினார். உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரிசெய்த பிறகும் அந்தப் பழைய சத்தம் வரவில்லை. சுத்தமாக, சாதுவாக இருந்தது. பேரன்தான் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினான். வந்தது! ஓரத்தில் லேசான கரகரப்பு, நடுவில் தேன் மாதிரி ஒரு கனம். வால்வு தாங்கும் அளவை மீறும்போது அலையின் முனையைச் சட்டென்று வெட்டாமல் மெதுவாக மழுங்கடிக்கிறது. அந்த இனிமை அதனால்தான். நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது கீழ்வீட்டில் பாப்பா விழித்து அழுதுகொண்டிருந்தது.

சிக்கல் அங்கேதான். அந்தத் தொனி சத்தத்தோடுதான் வரும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. மைக் செட்காரர் மகனுக்கு அது தெரியாமல் இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு காலை 11 மணிக்கு, சங்கத்தின் கீழ்த்தள ஹாலில், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை அதுவும் வேண்டாம். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். கீழ்வீட்டு அம்மா சரி என்று தலையாட்டுகிறார். அவர் சொன்னால் போதும் எனக்கு.