ஜில்லாவின் பள்ளிக்கூடங்கள் யாருடைய சொத்து?

(திட்டக்குடியில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச நாம் பலமுறை கூடியிருக்கிறோம். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கூலிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாற்று நட்டும், கரும்பு வெட்டியும், ஆலையில் வேர்வை சிந்தியும், விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெந்தும் நாம் சம்பாதிக்கும் காசு எங்கே போகிறது? ஒரு பங்கு தனியார் பள்ளியின் பீசுக்கும் வேனுக்கும் போகிறது. கையில் இல்லாதபோது வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம். நம் தெருவிலேயே நமக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்போது, அதைக் கடந்து ஏன் போகிறோம்? அங்கே குறை இருக்கிறது என்பதால் போகிறோம். குறையைக் கண்டு விலகிப் போவதா, நின்று தீர்ப்பதா? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில் நம் ஜில்லாவைப் பார்ப்போம். பழைய தென்னாற்காடு 1993-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இந்தக் கடலூர் ஜில்லா உண்டாயிற்று. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே 26 லட்சம் மக்கள். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆண்களில் 86 பேர். பெண்களிலோ 70 பேர்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வயலுக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட பெண்பிள்ளைகளின் கணக்கு அது. நம் வீட்டுக் கணக்கு.

இந்தப் பள்ளிகள் தாமாக முளைத்தவை அல்ல. வெள்ளையர் காலத்தில் ஹைஸ்கூல்களை ஜில்லா போர்டு நடத்தியது. 1920-ம் வருடத்து ஆரம்பக் கல்விச் சட்டம் உள்ளூர் போர்டுகளுக்குக் கல்வி வரி போடவும், கட்டாயக் கல்வி கொண்டுவரவும் அதிகாரம் தந்தது. ஆனால் போர்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? சொத்து உள்ளவர்கள், வரி கட்டியவர்கள். மிராசுதாரர் வீட்டுப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தது. பண்ணையாள் பிள்ளை மாட்டுக்குப் பின்னால் நடந்தது. சேரிப் பிள்ளைகளுக்கென்று தொழிலாளர் கமிஷனர் இலாகா தனிப் பள்ளிகள் திறக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளி அவர்களைச் சேர்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சுதந்திரம் வந்த பிறகும் போராட்டம் ஓயவில்லை. 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் படிப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள்! திராவிட இயக்கம் எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள், காங்கிரசிலேயே பலர் எதிர்த்தார்கள். சட்டசபையில் அதை நிறுத்தக் கோரிய தீர்மானத்துக்கு 138 ஓட்டு ஆதரவு, 138 ஓட்டு எதிர்ப்பு. மறுவருடம் காமராஜ் முதல் மந்திரியானார். 1954 மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-ல் சத்துணவு வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை நம் தாய்மார்கள் என்றைக்கோ அறிவார்கள். ஆட்சியாளர்களை அதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

நிர்வாகமும் மாறியது. ஜில்லா போர்டு போயிற்று. 1960-ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன; ஆரம்பப் பள்ளிகள் அவற்றிடம் சேர்ந்தன. போர்டு ஹைஸ்கூல்கள் 1970-ல் சர்க்கார் பள்ளிகள் ஆயின. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ல் சர்க்கார் ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது, அது நல்லது. ஆனால் பள்ளியை ஆளும் கை ஊரை விட்டுத் தூரமாகப் போயிற்று.

வேறு தேசத்தில் எப்படி? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தை ஒட்டி பேர்ஃபாக்ஸ் கவுண்ட்டி என்று ஒன்று இருக்கிறது. கவுண்ட்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. அங்கே ஏறக்குறைய 1,80,000 பிள்ளைகள் படிக்கும் பொதுப் பள்ளிகளை 12 பேர் கொண்ட ஒரு போர்டு நடத்துகிறது. அந்தப் போர்டை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டம் பகிரங்கமாக நடக்கிறது. பெற்றோர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். இது நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் பூராவும் மெச்ச வேண்டாம். பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அங்கே வீடு, நிலத்தின் மீது போடும் வரியிலிருந்து வருகிறது. ஆகவே பணக்காரக் கவுண்ட்டிக்குப் பணக்காரப் பள்ளி, ஏழைக் கவுண்ட்டிக்கு ஏழைப் பள்ளி என்ற நிலை அந்த நாட்டில் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டும்: சர்க்காரின் பணம் எல்லாப் பிள்ளைக்கும் சமமாக வர வேண்டும், கேள்வி கேட்கும் உரிமை ஊர்க்காரன் கையில் இருக்க வேண்டும்.

அந்த உரிமை நமக்குச் சட்டத்தில் இருக்கிறது, தோழர்களே! 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு வெளியூர் போனால், அங்கே உள்ள சர்க்கார் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று தள்ளக் கூடாது. நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் தர வேண்டும். பிள்ளையை அடிக்கக் கூடாது. ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 61-லிருந்து 90 வரை மூன்று பேர். ஆகவே ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கும் பள்ளி எங்கே இருந்தாலும் அது சட்டத்துக்கு விரோதம். வருடத்தில் ஆரம்ப வகுப்புகளுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டுக்கு 220 நாள் பள்ளி நடந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தாழ்த்தப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்க இடம். சர்க்கார் தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. ஒரு காலத்தில் மிராசுதாரர் உட்கார்ந்த நாற்காலியில் களை எடுக்கும் தாயை உட்கார வைக்கிறது சட்டம். ஆனால் நாற்காலியில் உட்காராமல், நீட்டிய நோட்டில் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுவிட்டு வந்தால், உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

எந்தக் குறைக்கு எந்த வாசலைத் தட்டுவது? மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பற்றிய விஷயமானால் வட்டாரக் கல்வி அலுவலர். ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒழுகினால், சத்துணவில் குறை இருந்தால், வட்டார வளர்ச்சி அலுவலர். தண்ணீருக்கும் துப்புரவுக்கும் கிராம ஊராட்சி. ஆதிதிராவிடர் நலப் பள்ளியானால் கலெக்டர் ஆபீசில் உள்ள அந்த நல அலுவலர். இவர்கள் அசையாவிட்டால் கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் நாள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் காற்றோடு போகும். குழுவில் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, மனுவின் நகலுக்கு ரசீது பெற வேண்டும். கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்க வேண்டும்.

பணம் இல்லை என்பார்கள். செருப்புக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம். 2024-25-ல் ஒன்றிய சர்க்கார் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்பது நிபந்தனை. மாநில சர்க்கார் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பெரியவர்கள் வழக்கில் பிள்ளையின் பாடப் புத்தகம் பணயமாவதா? இது டில்லி விவகாரம் என்று ஒதுக்க முடியாது. நம் தெருப் பள்ளியின் விவகாரம். அதே மூச்சில் மாநில சர்க்காரையும் கேட்போம்: காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பு! சிற்றுண்டி கொடுத்தால் போதாது. சாப்பிட்ட பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் கொடு!

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார்; ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள்; கடைசியில் பூட்டு விழும். அந்தப் பூட்டை நம் கையாலேயே போடலாமா?

ஆகவே மூன்று வேலைகள். ஒன்று: ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பட்டியலை எடுக்க வேண்டும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அவர்களை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு: மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் உட்கார வேண்டும், கூட்ட நாளில் அரைநாள் கூலி போனாலும் போக வேண்டும். போகிறவருடைய நடவை மற்றவர்கள் பங்கு போட்டு முடிக்கட்டும். மூன்று: எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளையை நிறுத்தும் வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும். ஹைஸ்கூல் தூரம் என்றால், பஸ் கேட்போம், தரும்வரை கேட்போம்.

கூலி உயர்வை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. பள்ளிக்கூடமும் அப்படித்தான். அது நம் சொத்து. சொத்துக்காரர் கணக்குக் கேட்பது குற்றமல்ல. கேட்காமல் இருப்பதுதான் நஷ்டம்.

பள்ளியைக் காப்போம்! பிள்ளைகளைச் சேர்ப்போம்! கணக்கைக் கேட்போம்!