இரண்டாம் ஆண்டின் பசி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மனம் படும் பாட்டைப் பேச இரண்டு நாள்களை ஒதுக்கிய அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

இந்தச் சிகிச்சையின் பயனில் எனக்கு ஐயமில்லை. 1987இல் சுவீடனில் தொடங்கி, லார்ஸ் ஷோஸ்ட்ரோம் வழிநடத்திய நெடிய ஆய்வு, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவதை 2007இல் எடுத்துக்காட்டியது. அதே ஆய்வில், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக நின்றது. நல்ல விளைவுதான். ஆனால் சராசரிக்கு உள்ளே, இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். என் கவலை அவர்களைப் பற்றியது.

ஸ்லீவ் என்னும் மற்றோர் அறுவை முறையில் இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடும். முதல் மாதங்களில் பசியே தெரிவதில்லை. காலப்போக்கில் அது மெல்லத் தலைகாட்டும். தனிமையும் கடன் கவலையும் வீட்டுச் சண்டையும் எங்கும் போயிருக்காது. இட்லி இரண்டுக்கு மேல் இறங்காத வயிற்றில் ஐஸ்கிரீமும் பால்கோவாவும் மில்க்‌ஷேக்கும் தடையின்றி இறங்கும். ஒரே மூச்சில் உண்ண முடியாதவர் நாள் முழுதும் கொறிப்பார். சிலரிடம் மது உணவின் இடத்தைப் பிடிக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் பத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மதுப் பழக்கச் சிக்கல் அறுவைக்கு முன் 7.6 விழுக்காட்டினரிடமும், இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுவதும் இதற்கு ஒரு காரணம்.

உணவை ஏன் ஒருவர் பற்றிக்கொள்கிறார் என்று கேட்டவர்களில் அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டியை நான் முதன்மையாக மதிக்கிறேன். 1980களில் சான் டியாகோவில் அவர் நடத்திய எடைக் குறைப்புத் திட்டத்திலிருந்து, நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே விலகிப் போனார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது தெரியவந்தது. சிலருக்கு அந்தப் பருமனே காப்பாக இருந்திருக்கிறது. அந்த விசாரிப்பிலிருந்து வளர்ந்ததுதான், ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து அவர் 1998இல் வெளியிட்ட குழந்தைப் பருவத் துயரங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு.

நம்மிடம் அறுவைக்கு முந்தைய உளவியல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு சான்றிதழுக்காகவே நடக்கிறது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின் அடுக்களையில் தனியே நின்று மிச்சத்தைத் தீர்க்கும் பெண், கணவரும் மாமியாரும் அருகில் இருக்கத் தன் கதையைச் சொல்வாரா? “அளவாத்தான் டாக்டர் சாப்பிடுவேன்” என்பார். உண்மையைச் சொன்னால் அறுவைக்கு மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு. இத்தனைக்கும், அறுவைக்கு முன் கட்டுப்பாடிழந்து உண்டவர் என்பதாலேயே எடை குறையாமல் போகும் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் அப்படி உண்பதுதான் எடை மீண்டும் ஏறுவதோடு தெளிவாகத் தொடர்புபடுகிறது. வடிகட்டுவதில் காட்டும் அக்கறையை நாம் பின்தொடர்வதில் காட்டவில்லை. இது எனக்கு வேதனை தருகிறது.

அறுவைக்கு முந்தைய மாதங்கள் பயிற்சிக்கு உரியவை. எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை தட்டுக்குப் போனது என்று எழுதி வைக்கலாம். வயிற்றுப் பசி மெதுவாக வளரும், எது கிடைத்தாலும் ஏற்கும். மனத்தின் பசி சட்டென வந்து குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும். பெரும்பாலும் பொருந்தும் இந்த வேறுபாட்டை அறியவே சிலருக்குப் பல வாரங்கள் ஆகும். அறிவு-நடத்தைச் சிகிச்சை இங்கே கைகொடுக்கிறது. அறுவைக்குப் பின் எடை ஏறியவரோ வெட்கப்பட்டு மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவரைத் திட்டினால் பிறகு வரவே மாட்டார்.

நாளை மாலைத் தீர்மான அமர்வில் மூன்று கோரிக்கைகளை முன்மொழிவேன். உளவியல் சந்திப்பு நோயாளியுடன் தனியாக நடக்க வேண்டும். அங்கே சொன்ன உண்மை அறுவையை மறுக்கத் தானாகவே காரணமாகக் கூடாது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 12, 18, 24ஆம் மாதச் சந்திப்புத் தேதிகளை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். அறுவை மருத்துவர்களே, இவற்றை எதிர்த்தும் பேசுங்கள். நடைமுறைச் சிக்கல்களை நீங்களே நன்கறிவீர்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.