முதுமைக்கு வேண்டியது பிச்சையா? பாத்தியதையா?

(ஆம்பூரில் தோல் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், முதியோர் இல்லங்களில் இருந்துவரும் கிழவர் கிழவிகளின் உடல் நலத்தைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடன் இங்குள்ள வாலிபத் தோழர்களில் சிலர், "இதில் நமக்கென்ன சம்பந்தம்?" என்று நினைக்கக்கூடும். நடுவில் சாகாமல் இருக்கிற ஒவ்வொருவனும் போய்ச் சேரவேண்டிய ஊர் முதுமை என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். அந்த ஊருக்குப் போவதில் ஜாதி வித்தியாசம் கிடையாது, மத வித்தியாசம் கிடையாது. ஆனால் போய்ச் சேர்ந்தபின் படுப்பது கட்டிலிலா, கட்டாந்தரையிலா என்பதில் மாத்திரம் பண வித்தியாசம் இருக்கிறது.

2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி, நம் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். அதற்குப் பின் இந்த விகிதம் ஏறிக்கொண்டே வருகிறது. ஆகவே இது யாரோ நாலு பேருடைய சங்கதி அல்ல.

நிற்க. இந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கிழவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாலிபத்தில் தோல் ஷாப்பிலே சுண்ணாம்புக் குழியில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றவர்கள். உப்புப் போட்ட பச்சைத் தோலைச் சுமந்து இடுப்பொடிந்தவர்கள். குரோமிய மருந்திலும் சாயத்திலும் கை வைத்து, அரிப்பும் வெடிப்புமாகச் சருமத்தைப் பறிகொடுத்தவர்கள். ஷூ கம்பெனியிலும் வீட்டுத் திண்ணையிலும் குனிந்தபடியே அப்பர் தைத்துத் தைத்து, கண்ணையும் கழுத்தையும் கெடுத்துக்கொண்ட பெண்மக்கள். இவர்கள் பதனிட்ட தோலும் தைத்த செருப்பும் கப்பலேறிச் சீமைக்குப் போயின. அதில் பணக்காரரானவர்கள் உண்டு. ஆனால் வேலை செய்த உடம்பு அறுபது வயதில் ஓய்ந்து மூலையில் உட்கார்ந்தபோது, அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? "பெரிசு, கொஞ்சம் ஒதுங்கி உட்காரு" என்பதுதானே!

இந்த ஜில்லாவிலே ஒரு பெரிய நியாயம் பிறந்தது. தோல் ஷாப்புக் கழிவால் பாலாறும் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டது சம்பந்தமாக, 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், கெட்டதைச் சரிசெய்யும் செலவும் அவனையே சேரும் என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 30-ந் தேதியும் அதே கோர்ட்டு, பாலாற்றுக்கு ஏற்பட்ட கேடு நீங்குகிற வரை அந்தப் பொறுப்பு தீராது என்று சொல்லியிருக்கிறது. நாம் கேட்பது இதுதான். ஆற்றுக்கும் நிலத்துக்கும் பேசப்பட்ட நியாயம், அதே ஷாப்பில் உழைத்து உளுத்துப்போன மனித உடம்புக்கு ஏன் பேசப்படக்கூடாது? ஆற்றைவிட மனிதன் மட்டமா?

சிலர், "முதியோர் இல்லம் என்பதே மேல்நாட்டு நாகரிகம், நம் நாட்டில் கிழவர்களைத் தெய்வமாகப் பூஜித்தார்கள்" என்று சொல்லுகிறார்கள். பூஜித்த லட்சணம் நமக்குத் தெரியாதா? புருஷன் செத்த கிழவிகளைக் கொண்டுபோய்க் காசியிலும் பிருந்தாவனத்திலும் தள்ளிவிட்டு வந்தது எந்த மேல்நாட்டான்? உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு ஒரு வேளை மருந்து வாங்கிக் கொடுக்காதவன், செத்த பிறகு பிண்டம் வைத்துக் காக்கையைக் கூப்பிடுகிறான். பசித்த வாய்க்குப் போடாத சோறு, இல்லாத வாய்க்குப் போகிறதாம்! இதற்குப் பெயர் பிதிர்க்கடன் என்றால், கடன் கொடுத்தவன் உயிரோடு இருந்தபோது ஏன் அடைக்கவில்லை என்று கேட்கிறோம்.

அன்றியும், எல்லாப் பழியையும் பிள்ளைகள் தலையில் சுமத்திவிடுவதும் சரியல்ல. மகன் பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டான். மருமகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். வாடகை வீட்டில் இருப்பதோ ஒற்றை அறை. அங்கே படுக்கையில் விழுந்த கிழவியை யார் புரட்டுவது? ஆகவே முதியோர் இல்லம் என்பது வெட்கப்படத்தக்க காரியமல்ல. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பிள்ளை பெறுகிறவளுக்கு ஆஸ்பத்திரியும் எப்படி அவசியமோ, அப்படியே இதுவும் அவசியமாகும். வெட்கப்பட வேண்டியது, அந்த இல்லங்கள் நடத்தப்படும் மாதிரிக்குத்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? அதற்கு "தர்மம்" என்று பெயர் வைத்ததுதான் காரணம். தர்மம் என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க முடியாது, குறை சொல்ல முடியாது. "போட்டதைத் தின்னு, கொடுத்த இடத்தில் படு" என்பதுதான் அதன் சட்டம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் பற்றிய செய்தி நாடு முழுவதும் தெரிந்தது. அதன் பெயர் "அன்பு ஜோதி". அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைத் தேடிப் போனவர்கள், அவரைக் காணாமல் உயர் நீதிமன்றத்தை அண்டிய பின்தான், அது உரிய அனுமதியில்லாமல் நடந்துவந்தது வெளியே வந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். கொடுமை செய்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்கு மாற்றப்பட்டது. பெயரில் அன்பும் இருந்தது, ஜோதியும் இருந்தது. உள்ளே எட்டிப்பார்க்கத்தான் வெளியில் ஆள் இல்லை.

இனி உடல் நலத்துக்கு வருவோம். இல்லத்தில் ஒரு கிழவர் இளைத்தால், "வயசாயிற்று" என்கிறார்கள். விழுந்தால், "விதி" என்கிறார்கள். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தால், "காலம் வந்துவிட்டது" என்கிறார்கள். தோழர்களே, இவற்றில் பெரும்பாலானவை விதியுமல்ல, காலமுமல்ல. காரணம் உள்ள, தடுக்கக்கூடிய காரியங்களாகும்.

முதலாவது தண்ணீர். வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும். கேட்டால்தான் கொடுப்பேன் என்றால் அவர் கேட்கவே மாட்டார். சில இடங்களில் அடிக்கடி மூத்திரத்துக்குத் தூக்கிப்போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அதன் பலன் மயக்கமும், மலச்சிக்கலும், மூத்திரத் தாரையில் நோயுமாகும்.

இரண்டாவது ஆகாரம். "கிழத்துக்குக் கஞ்சி போதும்" என்பது சுத்தப் பிசகு. வயதாக ஆகச் சதை கரைகிறது. சதை கரைந்தால் கால் தள்ளாடும். ஆகவே பருப்பு, முட்டை, பால், மீன் முதலியவை அவருக்கு அவசியம். பல்லில்லாவிட்டால் மசித்துக் கொடுக்க வேண்டுமே ஒழிய, நிறுத்திவிடக்கூடாது.

மூன்றாவது விழுதல். ஈரத்தரையும், இருட்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியில்லாத கக்கூசும் சேர்ந்துதான் இடுப்பெலும்பை முறிக்கின்றன. ஒரு விளக்கும், ஒரு இரும்புக் கம்பியும் செய்கிற உபகாரத்தை நூறு அர்ச்சனை செய்யாது.

நாலாவது படுக்கைப்புண். எழுந்திருக்க முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் வந்துவிட்டதென்றால், பெரும்பாலும் அது நோயாளியின் குற்றமல்ல. ஆள் போதாத குற்றம்.

ஐந்தாவது தொத்து நோய். ஒரே அறையில் கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடந்தால் சொறியும் சளியும் காசமும் சுலபமாகப் பரவும். 2020-ல் கொரோனா வந்தபோது, பணக்கார ஐரோப்பாவிலேயே பல நாடுகளில் செத்தவர்களில் பாதிப்பேர் வரை இப்படிப்பட்ட விடுதிகளில் இருந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தார் சொன்னார்கள்.

ஆறாவது மனம். பேச ஆளில்லாமையும், "இனி நம்மால் என்ன பிரயோசனம்" என்கிற எண்ணமும் ஒரு நோயாகும். அதற்கு மருத்துவம் உண்டு. மறதி நோய்க்காரர் இரவில் எழுந்து நடக்கிறார் என்பதற்காகத் தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்துவது மருத்துவமல்ல. பூட்டுக்குப் பதில் மாத்திரை, அவ்வளவுதான்.

1976-ல் அமெரிக்காவில் லாங்கர், ரோடின் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் கனெக்டிகட் மாநில விடுதியொன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் உள்ள முதியோரிடம், "உங்கள் காரியத்தை நீங்களே தீர்மானியுங்கள்" என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தாங்களே வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு மாடியில் உள்ளவர்களிடம், "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று சொல்லி, செடிக்கும் தாதிகளே தண்ணீர் ஊற்றினார்கள். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்களே அதிகச் சுறுசுறுப்பும் சந்தோஷமும் உள்ளவர்களாகக் காணப்பட்டார்கள். இதிலிருந்து தெரிவதென்ன? கிழவனுக்கும் சுயமரியாதை ஒரு மருந்து என்பதாகும்.

இதற்கு இன்னோர் உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பெரியார் 1973 டிசம்பர் 24-ந் தேதி, இதே வேலூரில், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், 94 வயதில் காலமானார். கடைசி வருஷங்களில் மூத்திரம் போவதற்குக் குழாயும் பாத்திரமுமாகவே ஊர் ஊராய்ப் போனார். அந்த மாதம் 19-ந் தேதிகூடச் சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார். அது அதிசயமல்ல. பக்கத்திலிருந்து கவனிக்க மணியம்மையார் இருந்தார், வைத்தியர் இருந்தார்கள், செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தது. இந்த மூன்றும் ஒரு தோல் ஷாப்புக் கிழவருக்குக் கிடைத்தால் அவரும் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 2007-ம் வருஷத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட தாய் தகப்பன் கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் ரூ. 10,000 வரை ஜீவனாம்சம் உத்தரவாகலாம். பெற்றவர்களை அடியோடு கைவிட்டவனுக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள், "என்னைக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் தவறாமல் எழுதுங்கள். காப்பாற்றாவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

ஆனால் அதே சட்டத்தின் 19-வது பிரிவைப் பாருங்கள். ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படியான இல்லம், ஜில்லாவுக்கு ஒன்றாவது முதலில் சர்க்கார் "நிறுவலாம்" என்றிருக்கிறது. "நிறுவியே தீரவேண்டும்" என்றில்லை! மகனுக்குச் சிறை, சர்க்காருக்கு "லாம்"! இந்த இரண்டெழுத்தில்தான் ஏழைக் கிழவரின் உயிர் ஊசலாடுகிறது.

பணத்தின் கதையும் அப்படியே. முதியோர் உதவித்தொகை 2023-ல் ரூ. 1,000-லிருந்து ரூ. 1,200 ஆக்கப்பட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். பி.எப். ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 2014 முதல் ரூ. 1,000. அதுவும் பத்து வருஷம் கணக்கில் இருந்தவனுக்கே. கணக்கில் பெயரேறாமல் பீஸ் கூலிக்குத் தைத்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஆகையால் இங்கிருக்கும் வாலிபர்களுக்குச் சொல்லுகிறோம்: இன்றைக்கே பி.எப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இருந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு ரூ. 120 கட்டித் தானும் மனைவியும் வைத்தியம் பெறலாம். இது பலருக்குத் தெரியாது. காலணி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று சர்க்கார் நல வாரியமும் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. பிறந்த நாள், கலியாண நாள் என்று முதியோர் இல்லத்துக்குப் பிரியாணியும் லட்டும் கொண்டுபோய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சர்க்கரை நோயுள்ள கிழவருக்கு லட்டு ஊட்டுவது யாருடைய சந்தோஷத்துக்கு? ஒரே நாளில் மூன்று பேர் விருந்து; மற்ற நாலு நாள் வெறும் ரசம். உபகாரம் செய்ய ஆசையிருந்தால் மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், கக்கூசுக்குக் கம்பி போடுங்கள், பல் வைத்தியரை அழைத்துப் போங்கள், மாதமொருமுறை சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அப்படிப் போகும்போது சில கேள்விகள் கேளுங்கள். இந்த இல்லம் பதிவானதா? இத்தனை பேரைக் கவனிக்க இரவில் எத்தனை ஆள்? டாக்டர் கடைசியாக என்றைக்கு வந்தார்? ஒவ்வொருவர் எடையும் மாதாமாதம் எழுதப்படுகிறதா? யாருக்காவது படுக்கைப்புண் உண்டா? பென்ஷன் புத்தகம் யார் கையில் இருக்கிறது? வெளியே போய்வர விருப்பமுள்ளவர் போய்வரலாமா? பதில் சொல்ல மறுத்தால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு எழுதுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவம் இல்லாமல் இல்லை. 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் திறக்கப்பட்டது. ஆனால் இராணிப்பேட்டைக் கிழவி கிண்டிக்கு எப்படிப் போவாள்? அந்த வைத்தியம் இந்தத் தாலுகாவுக்கு வரவேண்டும். தோலில் இலாபம் எடுத்தவர்களும், அதில் வரி எடுத்த சர்க்காரும் சேர்ந்து, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஒழுங்கான இல்லங்களை ஏற்படுத்த வேண்டும். அவற்றின் நிர்வாகத்தில் அங்கே தங்கியிருக்கும் முதியவர்களே பாதிப்பேர் இருக்கவேண்டும்.

தோழர்களே! நாம் கருணை காட்டச் சொல்லவில்லை. கருணைக்கு இன்றைக்கு மனம் இருக்கும், நாளைக்கு இராது. நாற்பது வருஷம் உழைத்தவனுக்கு வாலிபத்தில் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியின் பாக்கிதான் முதுமையில் அவன் கேட்கிற கட்டிலும் மருந்தும் தண்ணீரும். பாக்கியைக் கேட்பவன் பிச்சைக்காரன் ஆகமாட்டான். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றிரவே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு எமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.