எஞ்சினுக்குள் போகிற மண்



கோடை உழவு நடக்கும்போது விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் போனால் டிராக்டர் எங்கே வருகிறது என்றே தெரியாது. கரிசல் புழுதிதான் நகர்ந்து வரும். ஓட்டுகிறவர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார். எஞ்சினும் அதே புழுதிக் காற்றைத்தான் இழுக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு நாள் உழவுக்கு 30 லிட்டர் டீசல் ஆகிறது என்றால், 3 லட்சம் லிட்டர் காற்று உள்ளே போகிறது. டீசல் எஞ்சின் இந்தக் கணக்குக்கு மேலேயே இழுக்கும்.

அதிலுள்ள மண்ணை வாசலிலேயே பிடித்து வைப்பதுதான் ஏர் கிளீனர். “அடைச்சுக்கிட்டா கரும்புகை வரும், கழற்றித் தட்டினாச் சரியாப் போச்சு” என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அடைத்துக்கொண்டால் புகை வரும், இழுவை குறையும், டீசல் கூடும். எல்லாம் உண்மை. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. பெரிய நஷ்டம், வடிகட்டியைத் தாண்டி உள்ளே போகிற மண்ணால்தான் வருகிறது. அது ஆயிலோடு கலந்து சாணைப் பொடி மாதிரி லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அராவிக்கொண்டே இருக்கும். முதலில் ஆயில் அடிக்கடி குறையும். பிறகு நீலப் புகை. அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். “கம்ப்ரஷன் இல்லண்ணே, எஞ்சினை இறக்கணும்” என்று மெக்கானிக் சொல்லும்போது ஒரு போக விளைச்சல் பணம் அதற்கே போய்விடும்.

பம்புசெட் எஞ்சின்களிலும் பழைய டிராக்டர்களிலும் இருப்பது ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர். காற்று நடுக்குழாய் வழியே இறங்கி, ஆயிலில் மோதி, சட்டென்று மேலே திரும்புகிறது. கனமான தூசி திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தை, ஆயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். புழுதியில் ஓடும் நாட்களில் தினமும் வேலை முடிந்து, எஞ்சினை நிறுத்தி, கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் கால் அங்குலம் சேறு இருந்தாலும், ஆயில் கூழாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். கிண்ணத்தையும் வலையையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசலாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். வலை நன்றாக வடிந்து உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

புது ஆயிலைக் குறியிட்ட மட்டம் வரைதான் ஊற்றணும். குறைந்தால் தூசி தப்பிவிடும். “கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே” என்று ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிக்கும். எஞ்சின் கட்டுக்கு அடங்காமல் வேகம் எடுத்து ஓடுவதும் உண்டு. இன்னொன்று, எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றுகிற சிக்கனம். இது நம் ஊரில் ரொம்ப நாளாக நடக்கிறது. எனக்கு இது பிடிக்காத சிக்கனம். ஏற்கனவே அழுக்கான ஆயில் எந்த அழுக்கைப் பிடிக்கும்?

புது டிராக்டர்களில் காகித மடிப்பு வடிகட்டி வருகிறது. இது நுண்ணிய தூசியையும் நிறுத்தும், ஆனால் முரட்டுக் கை ஆகாது. மட்கார்டில் ஓங்கித் தட்டினால் ஓரம் நசுங்கி ரப்பர் சரியாக உட்காராது. பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்தால் காகிதம் கிழியும். காற்றை 30 பவுண்டுக்கு மேல் வைக்காமல், உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். பிறகு இருட்டில் உள்ளே ஒரு விளக்கை விட்டுப் பாருங்கள். ஊசித் துளி வெளிச்சம் தனியாகத் தெரிந்தாலும் அந்த வடிகட்டி வேண்டாம், புதிது வாங்குங்கள். சும்மா சும்மா கழற்றிச் சுத்தம் செய்வதும் நல்லதல்ல. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் கொஞ்சம் மண் உள்ளே விழ வழி உண்டு. அடைப்பைக் காட்டும் விளக்கு இருந்தால் அது எரியும்போது செய்தால் போதும். தினமும் செய்ய வேண்டியது, அடியிலுள்ள ரப்பர் மூக்கை அமுக்கித் தூசியைக் கொட்டுவதுதான்.

உள்ளே இரண்டாவதாக ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். அதைத் தட்டவும் கூடாது, ஊதவும் கூடாது. வெளி வடிகட்டி மூன்று மாற்றும்போது அதையும் ஒன்று மாற்றிவிடுங்கள். புது வடிகட்டி வரும்வரை பழைய சேலைத் துணியைச் சுற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சேலை இலை தழையை நிறுத்தும், மாவுப் புழுதியை நிறுத்தாது. ஒரு நாள் உழவு தள்ளிப்போனாலும் போகட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்போ, கிளிப் தளர்வோ இருந்தால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள குழாயைக் கழற்றி, விரலில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகே ஏர் பூட்டுங்கள். கொட்டிய பழைய ஆயிலை வாய்க்கால் ஓரத்திலோ கிணற்றுமேட்டிலோ ஊற்றாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.