இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீட்டிய கை



ஜூன் நமக்குத் திருஇருதய மாதம். ஈட்டியால் குத்தித் திறக்கப்பட்ட ஆண்டவரின் விலாவை நாம் தியானிக்கும் மாதம். இதே மாதம் 14ஆம் நாளை உலகம் இரத்ததானம் செய்வோரின் நாளாகக் கடைப்பிடிக்கிறது. இந்த வேளையில், 2025 பிப்ரவரி 17 அன்று, தம் 88ஆம் வயதில் உறக்கத்திலேயே இறந்துபோன ஓர் ஆஸ்திரேலிய முதியவரை உங்களோடு சேர்ந்து நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிசன்.

அவர் பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஜூனி என்னும் சிறிய இரயில்வே ஊரில் பிறந்தவர். இரயில்வேயில் எழுத்தர் வேலை. பின்னாளில் உமினா பீச் என்ற கடற்கரை ஊரில் குடியிருந்தார். 14 வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது 13 யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்தது. பிழைத்தெழுந்த பையன், "எனக்கு 18 வயது ஆகட்டும், நானும் கொடுப்பேன்" என்று உறுதி எடுத்துக்கொண்டான். 1954இல் கொடுக்கத் தொடங்கினார். 2018 மே மாதம், 81 வயதில், இதற்கு மேல் வயது வரம்பு இடம் தராது என்று நிறுத்தும்வரை கொடுத்தார். மொத்தம் 1,173 முறை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஊசி என்றாலே பயம். இத்தனை முறையில் ஒரு தடவைகூட ஊசி தோலில் இறங்குவதை அவர் பார்த்ததில்லையாம். கூரையைப் பார்ப்பார், தாதியரைப் பார்ப்பார், பேச்சுக் கொடுப்பார். கையை மட்டும் பார்க்கமாட்டார். அன்பு என்பது மனத்தில் எழும் உணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை, பிறருக்கு நன்மையை விரும்பும் சித்தம் அது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். குருமடத்தில் இதை நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். கூரையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டிய இந்த மனிதரை நினைக்கும்போதுதான் அந்தப் பாடம் சதையும் இரத்தமுமாக விளங்குகிறது. கெத்சமனியில் ஆண்டவரும் கிண்ணத்தைக் கண்டு கலங்கினார் அல்லவா?

நம் தாய்மார்களுக்கு "நெகட்டிவ் குரூப்" என்றால் தெரியும். தாய் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் முதல் பிள்ளைக்குத் தொல்லை இராது. பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடல் அதை அந்நியமாக எண்ணி, எதிர்க்கும் பொருளை உண்டாக்கிவிடும். அடுத்த பிள்ளை வயிற்றில் வளரும்போது, அந்த எதிர்ப்பு பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடுமையான இரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, சில வேளை வயிற்றிலேயே மரணம். எத்தனையோ வீடுகளில், "முதல் பிள்ளை தங்கியது, அப்புறம் ஒன்றும் தங்கவில்லை" என்று பெண்ணைக் குறை சொன்னார்கள். அந்தப் பெண்களில் சிலர் சுமந்தது இந்த நோயைத்தான். பழி மட்டும் அவர்கள்மேல் விழுந்தது.

இதைத் தடுக்கும் ஊசிக்கு 'ஆன்டி-டி' என்று பெயர். அது சிலருடைய இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஹாரிசனின் இரத்தத்தில் அந்தப் பொருள் அரிதான அளவில் இருப்பது 1960களில் தெரியவந்தது. சிறுவயதில் அவருக்கு ஏற்றிய இரத்தமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். பெற்றதுதான் கொடையாக மாறியதோ என்னவோ! அதன்பின் பிளாஸ்மா கொடுக்கத் தொடங்கினார், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அவர் கொடுத்ததால் ஏறக்குறைய 24 இலட்சம் குழந்தைகள் காக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டு இரத்த சேவை கணக்கிட்டது. அவருடைய சொந்த மகளும் இந்த ஊசியைப் பெற்ற தாய்மாரில் ஒருவர்.

பத்திரிகைகள் அவரைப் 'பொற்கரத்தார்' என்று புகழ்ந்தன. நமக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடு இல்லை. "அவருக்கு விசேஷ இரத்தம், கொடுத்தார், நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று ஒதுங்கிக்கொள்ள அது வசதியாகிவிடுகிறது. ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 1954இல் தொடங்கியவர், தம் இரத்தத்தில் அரிய பொருள் இருக்கிறது என்று அறிந்தது சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத்தான். அந்தப் பத்து ஆண்டும் அவர் கொடுத்தது, அவருக்குத் தெரிந்தவரை, எல்லாரையும் போன்ற சாதாரண இரத்தம். யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. மருத்துவர்கள் தேடியபோது அவர் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார், அதனால் கண்டுபிடிக்கப்பட்டார். வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த அரிய பொருள் அவரோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

யோப்பா ஊரில் தபித்தா இறந்தபோது, அவர் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். ஹாரிசனுக்காக அப்படிக் காட்டி அழ முடிந்தவர்கள் மிகச் சிலரே. பிழைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு யாரால் பிழைத்தோம் என்பது தெரியாது. அவருக்கும் அவர்களைத் தெரியாது. இன்னொரு செய்தி: 1,173 முறையில் 1,163 முறை வலக்கையிலிருந்து கொடுத்தார், பத்தே முறை இடக்கையிலிருந்து. தர்மத்தைப் பற்றிப் பேசுகையில் ஆண்டவர் இரண்டு கைகளையும் குறிப்பிட்டது உங்களுக்கு நினைவு வரலாம், எங்களுக்கும் வந்தது.

நம் நாட்டில், 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, நலமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம்; பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. "கொடுத்தால் உடம்பு தளர்ந்துபோகும், வேலைக்குப் போக முடியாது" என்று சொல்லும் பெரியவர்களை நாம் எல்லாப் பங்கிலும் சந்திக்கிறோம். நம் உறவினர் படுத்திருக்கும்போது மட்டும் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுக்களுக்கும் செய்தி அனுப்புகிறோம். ஞாயிறுதோறும் பீடத்தண்டையில் நின்று, நமக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தில் பங்குகொள்ளும் மக்கள் நாம்.

தம் சாதனையை யாராவது முறியடிக்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று ஹாரிசன் சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவில் இன்று இந்த ஆன்டி-டி மருந்துக்காகப் பிளாஸ்மா கொடுப்பவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 45,000 தாய்மார்களுக்கு அவர்களே ஆதாரம்.

அன்பர்களே, செபிப்போம். ஜேம்ஸ் ஹாரிசனின் ஆன்மாவுக்காக. பிறக்குமுன்னே இழந்த பிள்ளைகளை இன்றும் பெயர் வைத்து நினைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்காக. இந்த நேரத்தில் ஏதோ ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கி வாசலில், கையில் சீட்டோடு நின்றுகொண்டிருப்பவர்களுக்காக. ஆமென்.