கணக்கில் விட்டுப்போன வரி

வெளிநாட்டு உத்தியோகத்துக்குப் புறப்படும் நம் குழந்தைகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகம் படித்தவன். மத்திய அரசில் 36 வருஷம் கோப்பு பார்த்தவன். ஆகவே கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

2004-ல் என் மகன் அமெரிக்கா கிளம்பியபோது, "45 வயதில் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுவேன், அப்பா" என்றான். இன்றும் பலர் இதே எண்ணத்துடன்தான் போகிறார்கள். வருஷச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்தால் ஓய்வு பெறலாம் என்பது அவர்கள் கணக்கு. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது அது. அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கச் சந்தையையும் சுமார் 30 வருஷ ஓய்வையும். 45-ல் வேலையை விடுகிறவனுக்கு அதற்குமேல் 40, 45 வருஷம் ஓட வேண்டாமா?

அந்த நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. எச்-1பி விசா பொதுவாக 6 வருஷம். கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால் நீட்டிக்கலாம்; ஆனால் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால் நம்மவர் வரிசை மிக நீளம். அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருஷ உழைப்பு வேண்டும். 401(கே) சேமிப்பை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், சில விலக்குகள் தவிர, வரியோடு 10 சதவிகிதம் அபராதமும் உண்டு. கிளம்புமுன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2023-ல் என் மகனுக்கு 45 முடிந்தது. வீட்டுக் கடன், பேத்தியின் காலேஜ் என்று தேதி 50-க்குத் தள்ளிப்போயிற்று. அவன் அம்மா 2019-லேயே காலமாகிவிட்டாள். கடைசிவரை, "இன்னும் நாலு வருஷந்தானே" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவனைக் குறை சொல்லவில்லை. "ரிடையர் ஆனதும் கிராமத்துக்கு வந்துவிடுகிறேன்" என்று என் தகப்பனாருக்குக் கடிதம் எழுதியவன்தானே நானும்? நான் ஓய்வு பெற்றபோது அவரும் இல்லை, கிராமத்து வீடும் இல்லை.

சேர வேண்டிய தொகை ஏறும். திரும்பும் தேதி தள்ளும். இரண்டையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். பெற்றோரின் வயதை மட்டும் மாற்ற முடியாது. அந்த வரிதான் எங்கள் கணக்கில் விட்டுப்போயிற்று.

போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேஷாகப் போங்கள், சம்பாதியுங்கள். ஆனால் கணக்கு எழுதும் தாளில் உங்கள் வயதுக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா வயதையும் எழுதி வையுங்கள். 45-ல் மொத்தமாக வருவதற்குக் காத்திராமல், வருஷம் ஒரு மாதமாவது வந்து அவர்களோடு இருங்கள். பெற்றோர்களே, நீங்களும் "எப்போது வருவாய்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நாங்கள் இருவரும் கேட்காமலே இருந்துவிட்டோம்.

எல்லோரும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.